கொழுந்து என்று எழுதிப் பாருங்கள்: மலையக வியாபாரத்துக்கு ஒரு லோகோ

ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை தேயிலை அடுக்கிய எந்தக் கடைத் தட்டைப் பார்த்தாலும் ரெண்டு இலை, ஒரு மொட்டு. இல்லையென்றால் நெற்றியில் கயிறும் முதுகில் கூடையுமாக ஒரு பெண். எல்ல பக்கம் போனால் ஒன்பது வளைவுப் பாலம். பத்துப் பேருடைய பெக்கட்டிலும் ஒரே படம் இருந்தால் அது தேயிலை என்பதை மட்டும்தான் சொல்லும். யாருடைய தேயிலை என்பதைச் சொல்லாது. கொழுந்து பறிக்கிறவரின் கூலிக்குப் பெக்கட்டின் விலையில் இடம் கொடுக்காமல், அவர் உருவத்தை மட்டும் அலங்காரமாகப் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் லோகோ செய்யும்போது படத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பெயரில் தொடங்குங்கள். அதிலும் தமிழில் தொடங்குங்கள். இங்கே வழக்கம் தலைகீழ்: ஆங்கிலப் பெயரை அழகாகச் செய்து முடித்து, மிச்சமிருக்கிற இடத்தில் தமிழை எறும்பு ஊர்ந்த மாதிரி ஒட்டுவது. தமிழ் எழுத்துதான் சிறிதானால் முதலில் சிதையும். அது நின்றால் மற்ற இரண்டு மொழியும் பெரும்பாலும் நின்றுவிடும்.

உதாரணத்துக்கு ‘கொழுந்து’ என்ற சொல்லையே எடுப்போம். 100 கிராம் பெக்கட்டில் லோகோவுக்கு 25 மில்லிமீற்றர் அகலம் கிடைக்கிறது என்று வையுங்கள். அந்த அளவில் கொம்பின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை ஓட்டை மை ஊறி அடைபடும். அடைபட்டால் ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தெரியாது, ‘கொ’வை ‘கோ’ என்று வாசிப்பார்கள். ‘ழு’வின் கீழ்ச்சுழி அடுத்த வரியில் போய் முட்டும். ‘ந்’ மேலுள்ள புள்ளி தூசி மாதிரித் தெரியும், அல்லது காணாமலே போகும். இதற்கு மருந்து எழுத்துருவை அப்படியே நம்பாமல் கையால் திருத்துவதுதான். சுழியின் ஓட்டையைக் கொஞ்சம் அகட்டுங்கள். மிகச் சிறிய அளவிலும் புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீற்றருக்குக் குறையாமலும், கோட்டின் தடிப்பு 0.3 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் வையுங்கள். கடும் நிறப் பின்னணியில் எழுத்தை வெள்ளையாக விடுவதென்றால் கோடு இன்னும் தடிக்க வேண்டும். நாலு பக்கமிருந்தும் மை உள்ளே பரவும்.

மூன்று மொழிக்கும் ஒரே பாயின்ட் அளவு கொடுத்தால் மூன்றும் ஒரே அளவாகத் தெரியாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் மதில் மாதிரி நிற்கும். தமிழில் மேலே விசிறி, கீழே சுழி. சிங்களம் முழுக்க வளைவு. ‘ப’வின் உயரத்தை அளவாக வைத்து மற்ற இரண்டையும் கண்ணால் ஒப்பிட்டுக் கூட்டிக் குறையுங்கள். கோட்டின் தடிப்பையும் அப்படியே சமப்படுத்துங்கள். நோட்டோ சான்ஸ் எழுத்துருக் குடும்பத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் உண்டு, வணிகத்துக்கும் இலவசம். திருத்தத் தொடங்க நல்ல அடித்தளம். இணையத்தில் இறக்கிய வேறு எழுத்துரு என்றால் தனிப்பட்ட பாவனைக்கு மட்டும் என்று நிபந்தனை இருக்கிறதா என்று வாசித்துவிட்டு எடுங்கள்.

நிறம் கடைசி வேலை. முதல் வரைவு முழுக்கக் கறுப்பில். கறுப்பில் அடையாளம் தெரியாத லோகோவை எந்தப் பச்சையும் காப்பாற்றாது. பில் புத்தகத்திலும் றப்பர் முத்திரையிலும் ஒரே நிறம்தான் வரும். ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரைச் சட்டம் (ஃபிரேம்) வேண்டும். நிறம் கூடக் கூடச் செலவும் கூடும், ஒன்றின் மேல் ஒன்று விலகி விழுகிற ஆபத்தும் கூடும். இரண்டு நிறம் போதும்.

பச்சை வேண்டுமென்றால் யோசியுங்கள்: நம்முடைய மலையே பச்சை. தேயிலை மலை ஓரத்தில் பச்சைப் பலகை மலையோடு மலையாகப் போய்விடும். மூடுபனி இறங்கினால் வெளிர் நிறங்கள் எல்லாம் கரைந்துவிடும்; மஞ்சளில் கறுப்பு, கடும் சிவப்பில் வெள்ளை போன்றவை நிற்கும். ஆனால் ஃப்ளெக்ஸ் பனரில் வெயில் பட்டால் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளிறும், சிவப்பு ரோஸ் ஆகும். எனவே வெளிப் பலகைக்கு நிற வினைல் தாளை வெட்டி ஒட்டுவது மேல். பழுப்புக் கிராஃப்ட் பையில் மஞ்சள் எடுபடாது. வெள்ளி நிறப் பையில் அடியில் வெள்ளை அடிக்காவிட்டால் எந்த நிறமும் கலங்கித் தெரியும்.

பலகை எழுத்துக்கு ஒரு கணக்கு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். பஸ்ஸிலிருந்து 100 அடியில் வாசிக்க 10 அங்குலம். தமிழில் அதைக் கொம்பு சுழி சேர்க்காமல் ‘ப’வின் உயரமாக எடுங்கள். டீசேர்ட்டில் நூல் வேலை என்றால் 1 மில்லிமீற்றருக்கு மெல்லிய கோடு வேண்டாம். தமிழ் எழுத்து 8 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சுழிகள் நூலால் அடைபடும்.

பிரின்டிங் கடையில் நடக்கிற பெரிய விபத்து எழுத்துருவால் வருவது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் செய்த ஃபைலை அது இல்லாத கணினியில் திறந்தால் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோட் எழுத்துரு என்றால், இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். கொடுக்கும் முன் எழுத்தையெல்லாம் அவுட்லைன், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம், ஆக்குங்கள். திருத்தக்கூடிய மூலப் பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். டிசைனரிடமிருந்து எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல், பீடிஎஃப், பின்னணி இல்லாத பீஎன்ஜி, தனிக் கறுப்பு, தனி வெள்ளை இவ்வளவும் வாங்குங்கள். லோகோவின் உரிமை உங்களுக்கு என்று ஒரு கடிதமும் எழுதி வாங்குங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்ததால் லோகோ உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாக (ட்ரேட் மார்க்) பதிய வேண்டும். பொருள் வகைப்படி தேயிலைக்கு வகுப்பு 30, மரக்கறிக்கும் பூவுக்கும் 31, ஹோட்டலுக்கு 43. பதிவு 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஊர்ப் பெயரும் ‘தேயிலை’யும் மட்டும் சேர்ந்த பெயரைப் பதிவது கடினம். கன்வா என்ற டிசைன் இணையத்தளத்தின் டெம்ப்ளேட்டில் செய்த லோகோவையும் பதிய முடியாது, அதே டெம்ப்ளேட் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

தேயிலைப் பெக்கட் செய்கிறவர்கள் சிங்க இலச்சினையைத் தாங்களாகவே போடக்கூடாது. அது இலங்கைத் தேயிலைச் சபையுடையது. முழுக்க இலங்கைத் தேயிலையாக, இலங்கையிலேயே பொதி செய்ததாக இருந்து, சபையின் அனுமதியும் கிடைத்தால்தான் அச்சிடலாம். அந்த அனுமதி எடுக்கிற எண்ணம் இருந்தால் லேபிளில் அதற்கான இடத்தை இப்போதே காலியாக விட்டு, உங்கள் லோகோவை அந்த அளவுக்கு ஒதுக்கி அமையுங்கள்.