ரிப்போர்ட்டில் வராத காரணம்

எங்கள் கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் தாதிமார் நாங்கள் சொல்வது, எண்ணெயைக் குறையுங்கள், தேங்காயைக் குறையுங்கள் என்பதுதான். சொல்லத்தான் வேண்டும். ஆனால் மலையகத்தில் வேலை செய்யும் எவரும் அதோடு நிறுத்தக்கூடாது என்பது என் எண்ணம். பயமும் கவலையும்கூடக் கொலஸ்ட்ரோலைக் கூட்டும்.

கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர். மெலிந்த உடம்பு, நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கும் வேலை. போன முறையைவிடக் கொலஸ்ட்ரோல் நன்றாகவே கூடியிருந்தது. "அதே ரொட்டியும் சம்பலுந்தான் மிஸ், வேற ஒன்னும் திங்கல" என்றார். பேச்சுக் கொடுத்தபோதுதான் மற்றது வந்தது. அவர் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு. மழை பிடித்தால் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்துக்கொண்டு விடியும்வரை முழித்திருப்பாராம். மறுநாள் பறிக்கும் கொழுந்தின் கிலோ குறையும், அரைப்பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளந்தான்.

பயத்தில் சுரக்கும் அட்ரினலின், கொழுப்புக் கலங்களின் மேலுள்ள பீட்டா வாங்கிகள் எனப்படும் ஏற்பிப் புரதங்களில் பொருந்துகிறது. உடனே சேமித்த கொழுப்பு உடைந்து கொழுப்பமிலமாக இரத்தத்தில் இறங்குகிறது. ஓடித் தப்புவதற்கான எரிபொருள் அது. ஓடாமல் உட்கார்ந்தே பயந்தால் அதில் ஒரு பகுதி ஈரலுக்குப் போகும். ஈரல் அதை விஎல்டிஎல் எனும் கொழுப்பு சுமக்கும் துகள்களாகக் கட்டி வெளியே விடும். அவற்றில் ஒரு பங்கு பிறகு எல்டிஎல், அதாவது 'கெட்ட கொலஸ்ட்ரோல்' ஆகும். கவலையில் சுரக்கும் இன்னொரு ஹோர்மோனான கோர்ட்டிசோல் கலத்துக்குள்ளேயே நுழைந்து, அங்குள்ள வாங்கியோடு சேர்ந்து மரபணுக்களின் வேலையை மாற்றுகிறது. அது நீண்ட நாள் கூடியிருந்தால் ஈரலின் இந்த உற்பத்தியும் கூடும். அந்தக் கோர்ட்டிசோலை உடம்பு செய்வதே கொலஸ்ட்ரோலில் இருந்துதான்!

அமெரிக்காவில் ஃப்ரீட்மனும் ரோசன்மனும் 1958இல் கணக்காளர்களைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரிக்கணக்கு முடிக்கும் நெருக்கடியில் அவர்களுடைய கொலஸ்ட்ரோல் ஏறியது, நெருக்கடி ஓய்ந்ததும் இறங்கியது. சாப்பாட்டை வைத்து அந்த ஏற்றத்தை விளக்க முடியவில்லை.

இதற்காக எல்லாவற்றையும் கவலையின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தைராய்டு குறைந்தாலும் கொலஸ்ட்ரோல் ஏறும், பரம்பரையாகவும் வரும். இழுப்புக்கோ மூட்டுவாதத்துக்கோ நீண்ட நாள் பிரெட்னிசொலோன் எனும் ஸ்டீரொய்ட் மருந்து குடிப்பவர்களிடமும் பார்க்கலாம். அதுவும் கோர்ட்டிசோலின் வாங்கியில்தான் பொருந்துகிறது. கவலைதானே என்று கொலஸ்ட்ரோல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

அக்காவுக்கு டொக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்லி, தைராய்டு பரிசோதனைக்கும் எழுதினார். அப்புறம் கிளினிக் கொப்பியில் நித்திரையின்மையையும் மண்மேட்டையும் குறித்தோம். மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினரை வரவழைத்து அந்த மேட்டைப் பார்க்கும்படி கிராம உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் எழுதி, அக்காவின் கையெழுத்தை வாங்கி அவரிடமே கொடுத்துவிட்டேன்.