ஓட்டை போட்ட வெள்ளீயப் பதக்கம்: கடைசியில் 7.29 வந்தது

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற ஒப்படர்த்திக் கணக்கு நேற்று இரவு ஒத்துவந்தது. என்னிடம் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கத்தில் காரீயக் (lead) கலப்பு இல்லை, அது துத்தநாக (zinc) வார்ப்பும் இல்லை. வெள்ளீயம்தான் (tin). சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கியது. “ஓட்டை இருக்கு சார், அதுவும் ஈயம். வெள்ளியா இருந்தா இந்த விலைக்குக் குடுப்பேனா?” என்றார் விற்றவர். எனக்கு வேண்டியதே அந்த ஓட்டை போட்ட ஈயம்தான். 1799 மே 4-இல் திப்புவின் கோட்டை விழுந்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த பதக்கம் இது. பர்மிங்காம் சோஹோவில் மேத்யூ போல்டனின் பட்டறையில் அடித்தது, அச்சு வெட்டியவர் கூஹ்லர். பெரிய தளபதிகளுக்குத் தங்கம், கேப்டன் நிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, அதற்குக் கீழே வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். வேலூரிலிருந்து ஜெனரல் ஹாரிஸோடு நடந்துபோன சென்னைப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் தெலுங்குச் சிப்பாய்களும் ஏராளம். பதக்கம் கைக்குக் கிடைத்தது 1808-இல். நடுவில் 1806 ஜூலை 10-இல், திப்புவின் பிள்ளைகளைச் சிறைவைத்திருந்த வேலூர்க் கோட்டையிலேயே சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். இந்த ஈயத் துண்டைக் கையில் வாங்கியவர் என்ன நினைத்திருப்பார்? தங்கப் பதக்கம் எவ்வளவு பளபளத்தாலும் எனக்கு இந்தக் கேள்வியை எழுப்பாது.

பிரிட்டிஷ் இந்தியப் பதக்கங்களுக்கான பட்டெஸ்டரின் அட்டவணைப் புத்தகம் (ஸ்பிங்க் பதிப்பகம், 2002) விலை எனக்குக் கட்டுப்படியாகாது. நண்பர் வீட்டில் உட்கார்ந்து பக்கங்களைப் பார்த்துக் குறித்துவந்தேன். சோஹோவில் அடித்தது 48 மி.மீ., கல்கத்தாவில் அடித்தது 45 மி.மீ. என்னுடையது வெர்னியர் அளவுகோலில் 47.9. போன வருடம் வேறோர் இடத்தில் வெண்கலம் என்று சொல்லி என் தலையில் கட்டினார்களே, அது 47.1. நிஜப் பதக்கத்தை வைத்து அச்சு எடுத்து வார்த்தால், ஆறும்போது உலோகம் சுருங்கும். அந்த 0.9 மில்லிமீட்டரிலேயே குட்டு உடைந்துவிடும். எழுத்தின் ஓரமும் மழுங்கி, தரைப்பகுதியில் ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. அன்றைக்கு வெர்னியரை வீட்டில் வைத்துவிட்டுப் போனது என் தவறு.

விட்டமும் உலோகமும் புத்தகத்தில் இருக்கின்றன. கையில் உள்ளது அந்த உலோகம்தானா என்பதை நாம்தான் பார்த்தாக வேண்டும். ஒப்படர்த்தி எடுப்பது, அதாவது எடையை அது தள்ளும் நீரின் எடையால் வகுப்பது, எல்லாருக்கும் தெரிந்த வேலைதான், ஆனால் வெள்ளீயத்தில் அது கழுத்தறுக்கிறது. காரீயம் 11.3, அது வந்தால் உடனே தெரிந்துவிடும். துத்தநாகமோ 7.14, வெள்ளீயம் 7.29. என் பதக்கம் 32.36 கிராம். அது தள்ளும் நீரில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.09 கிராம்தான்.

தராசில் தண்ணீரை வைத்து, அதில் பதக்கத்தை நூலில் தொங்கவிட்டு மூழ்கடித்தால், கூடும் எடைதான் தள்ளிய நீர். முதல் தடை தராசு. என்னுடைய 0.01 கிராம் பாக்கெட் தராசு 200 கிராமுக்கு மேல் தாங்காது. 48 மி.மீ. பதக்கம் தொங்கி முழுதாக மூழ்கும் அளவு டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் தராசு தவறு காட்டி நின்றுவிடுகிறது. வாரம் முழுக்க டப்பா தேடினேன். தட்டையான ஷாம்பு பாட்டிலைப் பாதியாக அறுத்ததும் வேலை முடிந்தது. அகலம் போதும், குறுகல் என்பதால் தண்ணீரும் குறைவு.

அடுத்து நூல். தையல் நூல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எண்ணை நகர்த்திக்கொண்டே இருந்தது. தூண்டில் நரம்பில் மிக மெல்லியதை ஓட்டையில் கோத்து, இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, குறுக்கே மர ஸ்கேல் வைத்துத் தொங்கவிட்டேன். அடியையோ சுவரையோ தொட்டால் கணக்கு போச்சு.

ஆனாலும் தள்ளிய நீர் 4.61 கிராம் என்று வந்தது. வகுத்துப் பார்த்தால் ஏழைக்கூட எட்டவில்லை! மறுபடி 4.58. மறுபடி 4.60. வெறுத்துப்போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். பதக்கத்தில் உள்ள சிங்கத்தின் பிடரி மயிரிலும், அதன் காலடியில் மல்லாந்து கிடக்கும் புலியின் வயிற்றுக்கடியிலும், கடுகில் பாதி அளவுக்குக் குமிழிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஓட்டைக்குள்ளும் ஒன்று. தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டேன், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டேன், பதக்கத்தைச் சாய்வாக இறக்கினேன். மிச்சக் குமிழியை மென்மையான தூரிகையால் தள்ளினேன். 4.42. மறுபடி 4.42. மூன்றாவது தடவை 4.43. அறையில் 30 டிகிரி, அந்தச் சூட்டில் நீரின் அடர்த்தி 0.9957, அதையும் பெருக்கினால் 7.29.

எனக்கு மனம் ஆறவில்லை. அம்மா ஒருநாள் ரசம் ஊற்றாமலேயே அடுப்பில் வைத்து உருக்கிவிட்ட ஈயச் சொம்பின் துண்டு ஒன்று பரணில் கிடந்தது. அதுவும் வெள்ளீயம்தான். அதே முறையில் எடுத்தேன், 7.27. அதற்குப் பிறகுதான் நம்பினேன். ஒப்படர்த்தி ஒத்துவந்ததாலேயே பதக்கம் நிஜம் ஆகிவிடாது, நல்ல வெள்ளீயத்தில் வார்த்த போலியும் இதே எண்ணைத்தான் காட்டும். ஆனால் விட்டம், கூர்மையான எழுத்து, ஒப்படர்த்தி மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன.

இன்னொன்றையும் பார்த்தேன். ஓட்டை சிங்கத்துக்கு நேர் மேலே, கொடியின் பக்கம் இருக்கிறது. வட்டமாகத் துளைத்தது மேல்பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. யாரோ பல வருடம் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதுவும் சிங்கம் நேராகத் தெரியும்படி. தொங்கவிட வளையம் வைத்துக் கம்பெனி கொடுக்கவில்லை, வாங்கினவர்களே செய்துகொண்டதுதான்.

கொடியில் உள்ள அரபி எழுத்து ‘அசதுல்லாஹ் அல்-காலிப்’, வெல்லும் இறைச் சிங்கம் என்று பொருள். திப்பு தன் ஆயுதங்களில் புலிமுக வடிவில் எழுதிவைத்த அதே சொல்! அதை எடுத்துத் தங்கள் சிங்கத்துக்கு மேலே பறக்கவிட்டிருக்கிறார்கள். பின்பக்கம் கோட்டைத் தாக்குதல், உச்சியில் சூரியன். தாக்குதல் பிற்பகல் ஒரு மணிவாக்கில் தொடங்கியது. கீழே பாரசீகத்தில் ஹிஜ்ரி 1213, துல்கஅதா 28. எண்களை நானே படித்துவிட்டேன், எழுத்துகளுக்கு எனக்குத் தெரிந்த உருது வாத்தியார் ஒருவர் உதவுகிறார், பாதி ஆகியிருக்கிறது.

பளபளப்பாக்க நினைப்பவர்களுக்கு: தயவுசெய்து தேய்க்காதீர்கள். வெள்ளீயம் நகத்துக்கே கீறல் விடும். 13 டிகிரிக்குக் கீழே போனால் பொடியும் நோய் இதற்கு உண்டு, நம்மூர் வெயிலில் அந்தக் கவலை இல்லை. உறை மைலாரில் (பாலியெஸ்டர் தாள்) மட்டும் வாங்குங்கள். மலிவான பி.வி.சி. உறையில் வைத்த என் செப்புக் காசு இரண்டில் பச்சைப் பிசின் ஏறிவிட்டது. மைலார் என்று சொல்லி அதையே விற்கிறார்கள், மோந்து பாருங்கள், புது ஷவர் திரை வாடை அடித்தால் வேண்டாம்.

அடுத்து 1811 ஜாவா பதக்கத்தின் மேல் கண், பணம் சேர்ந்தால் பார்க்கலாம். அதற்குமுன் இதன் விளிம்பை லென்ஸில் முழுவட்டமும் பார்க்க வேண்டும், வார்ப்பின் ஒட்டுக்கோடு எங்காவது இருக்கிறதா என்று. கால் வட்டம் முடிந்தது, இதுவரை இல்லை. ஓட்டை போடாத வெள்ளீயப் பதக்கம் யாரிடமாவது இருந்தால், காற்றில் எடை எவ்வளவு, தள்ளிய நீர் எவ்வளவு என்று எழுதுங்கள். குமிழியைத் தள்ளிவிட்டு எடுத்த எண்ணாக இருக்கட்டும்.