எழுந்தால் கறுக்கும் திரை

கடந்த மாசி மாதம் முழுவதும் என் மேசைக் கணினியின் திரை ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கறுத்துப்போய்க்கொண்டிருந்தது. கறுத்த திரையின் நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு சிறு பெட்டி தோன்றும். இரண்டு மூன்று நொடிகளில், திருத்திக்கொண்டிருந்த பக்கம் எதுவுமே நடவாததுபோலத் திரும்பி வந்துவிடும். சில நாள்களில் மட்டும் அது வராமலேயே அடம்பிடிக்கும். அப்போது மானிட்டரின் பின்புறம் கையை விட்டு எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கி மறுபடி செருக வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்தும் எனக்கு, கண் பதிந்திருந்த வரி தொலைந்துபோவதுதான் பெரிய எரிச்சலாக இருந்தது.

கணினி உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திரை கறுத்த நேரத்திலும் பாட்டு நிற்காமல் ஓடியது. கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்தினால் விசைப்பலகையின் சிறு விளக்கு எரிந்து அணைந்தது. ஆகவே மதர்போர்டு, ராம், கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றின்மேல் எனக்குச் சந்தேகம் குறைந்தது. (கணினிக்கு எந்த நோய் வந்தாலும் ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கைவைத்தியம். கணினி தொடங்கவே மறுக்கும்போது அது பல நேரம் பலிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் படம் மட்டும் போய் வருவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இருந்தும் நான் தேய்த்தேன்.) படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) முடங்கி மீண்டிருந்தால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழுந்திருக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை. கார்டைக் கழற்றித் தூசி தட்டி, ஸ்லாட்டின் கொக்கி ‘டக்’ என்று விழும்வரை அழுத்திப் பொருத்தியும் பயன் இல்லை. திரையின் புதுப்பிப்பு வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதை, 75 ஹெர்ட்ஸிலிருந்து 60-க்குக் குறைத்தபோது மட்டும் தொல்லை சற்றுத் தணிந்தது, ஆனால் தீரவில்லை. அதை நான் அப்போதே ஊன்றிக் கவனித்திருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இரண்டு நாள் இடைவிடாமல் ஓடவிட்டும் ஒரு தடவைகூடத் திரை கறுக்கவில்லை. எதற்கும் கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிடலாம் என்று அந்தக் கடைத் தம்பி சொன்னதை, விலையைக் கேட்டதும் ஒத்திப்போட்டுவிட்டுத் திரும்பினேன். வீட்டில் கேபிள்களை மாட்டி அமர்ந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, திரை கறுத்தது. கடையில் வராத கோளாறு வீட்டில் வருகிறது என்றால், அது கணினியின் கோளாறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன்பிறகு, திரை கறுக்கும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவரத் தொடங்கினேன். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும் நேரமா, மிக்சி அரைக்கும் நேரமா, டியூப் லைட் போடும் நேரமா என்று பார்ப்பதே நோக்கம். இவை எல்லாமே அருகிலுள்ள கேபிள்களில் மின் இரைச்சலை ஏற்றக்கூடியவைதான். எதனோடும் அந்த நேரங்கள் பொருந்தவில்லை. நான்காம் நாள் நோட்டைப் புரட்டிய என் மனைவி, “11.05, 1.20, 4.10... இதெல்லாம் நீங்க காபிக்கும் சாப்பாட்டுக்கும் எந்திரிச்சு வந்த நேரமாவே இருக்குதுங்க” என்றார்.

பொங்கலுக்கு வாங்கிய, வாயு உருளையால் உயரும் சுழல் நாற்காலியில் அமர்ந்தபடி அவரை ஏறிட்டுப் பார்த்தேன். பிறகு எழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து மறுபடி எழுந்தேன், திரை கறுத்தது. இருபது முறை எழுந்து அமர்ந்ததில் ஆறு முறை கறுத்தது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இருபது முறை எழுந்ததில் ஒரு முறைகூட இல்லை. தோப்புக்கரணம் போடுகிறாரோ என்று பார்த்திருப்பார் எவரேனும் வாசலில் நின்றிருந்தால்.

நாற்காலி திரையை அணைப்பது கேட்பதற்குக் கட்டுக்கதைபோல இருக்கும். ஆனால் வாயு உருளையால் உயரும் நாற்காலிகளைப் பற்றி, கணினிக் காட்சிக் கருவிகள் தொடர்பான நிறுவனம் ஒன்றே தன் உதவிப் பக்கத்தில் எச்சரித்திருக்கிறது. மெத்தையை விட்டு நாம் எழும்போது துணியும் உறையும் பிரிந்து நிலைமின்னூட்டம் உண்டாகிறது. அது நாற்காலியின் உலோகப் பாகங்களில் ஏறி, அவற்றுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத சிறு பொறியாக இறங்கும்போது, மிகக் குறுகிய, மிகக் கூர்மையான ஒரு மின்காந்தத் துடிப்பு அறையில் பரவுகிறது. கோவையில் மாசி, பங்குனியில் காற்று வறண்டு கிடப்பதால் இந்த மின்னூட்டம் எளிதில் கசிந்து போவதும் இல்லை. முழு எச்டி படம் 60 ஹெர்ட்ஸில் ஓடும்போது எச்டிஎம்ஐ கேபிளின் மூன்று தடங்களில் நொடிக்குச் சுமார் 445 கோடி பிட்டுகள் பாய்கின்றன. 75 ஹெர்ட்ஸில் இன்னும் அதிகம். கேபிளின் உறைக்காப்பு (உள்கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை) நன்றாக இல்லாவிட்டால் அதுவே ஒரு ஆன்டெனாவாக மாறி அந்தத் துடிப்பை வாங்கிக்கொள்கிறது. மானிட்டர் தாளம் தவறிப் படத்தைக் கைவிட்டு, மறுபடி பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று நொடிகள் எடுத்துக்கொள்கிறது. வேகத்தைக் குறைத்தபோது தொல்லை ஏன் தணிந்தது என்பதும் இப்போது விளங்கிற்று.

இரண்டு இடங்களில் எனக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் சரிசெய்தால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும் என்பதால் ஒவ்வொன்றாகவே தொட்டேன். முதலாவது எர்த். கணினிப் பெட்டியின் உலோகப் பின்புறத்தில் விரலை வைத்தால் எப்போதும் மெல்லிய சுருக்கென்ற உணர்வு இருந்துவந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தார், விளக்கு எரியவில்லை. “எர்த்தே வரலைங்க” என்று சுவிட்ச் பெட்டியைத் திறந்தால், பச்சை வயர் திருகாணியிலிருந்து கழன்று தனியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை முடுக்கியதும் சுருக்கென்ற உணர்வு அறவே நின்றது. அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் திரை கறுப்பது நிற்கவில்லை.

இரண்டாவது, மேசையைச் சன்னலோரம் நகர்த்தியபோது வாங்கிய ஐந்து மீட்டர் மலிவுக் கேபிள். மீதி நீளம் மேசைக்கடியில், நாற்காலிக்கு ஒரு முழ தூரத்தில், சுருட்டிக் கட்டப்பட்டுக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு, நல்ல உறைக்காப்பும் முனையருகே மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் குமிழும் கொண்ட ஒன்றரை மீட்டர் கேபிளைப் போட்டேன். இருபது முறை எழுந்தேன், திரை அசையவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ளப் பழையதை மறுபடி மாட்டினேன். மூன்றாவது எழுச்சியிலேயே கறுத்தது. புதியதைப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, 75 ஹெர்ட்ஸிலேயே ஓடுகிறது.

பழைய கேபிளை எறியவில்லை. கூடத்தில் டிவிக்கும் செட்டாப் பெட்டிக்கும் நடுவே அது தொல்லையில்லாமல் வேலை செய்கிறது. அங்கே நாங்கள் எல்லாரும் தரையில்தான் உட்காருகிறோம்.