அப்பா பெயரும் ஏழாம் வகுப்புச் சண்டையும்

ஏழாம் வகுப்பில் நடக்கும் கைகலப்புகளுக்குப் பெரும்பாலும் பெரிய காரணங்கள் இருப்பதில்லை. ஜாமெட்ரி பாக்ஸைக் கேட்காமல் எடுத்தது, பெஞ்சின் ஓர இடம், கபடியில் தொட்டானா இல்லையா என்ற வழக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. நம்மூர்ப் பள்ளிகளில் படித்த எவருக்கும் இந்தக் கடைசிக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஒருவனுடைய தந்தையின் பெயர் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டால் அன்று முதல் அதுவே அவன் பெயராகிவிடும். பலர் பதிலுக்கு எதிராளியின் அப்பா பெயரைச் சொல்லிக் கணக்கைத் தீர்த்துக்கொள்வார்கள். தந்தையை அண்மையில் இழந்தவனால் அப்படித் தீர்த்துக்கொள்ள முடியாது.

என் வகுப்பில் அப்படியொரு மாணவன், மதிய உணவுக்குப் பின் கைகழுவும் குழாயடியில் சக மாணவன் ஒருவனை ஓங்கி அறைந்தான். தட்டு சிமெண்டுத் தரையில் உருள, சுற்றியிருந்த பிள்ளைகள் "சார், இவன்தான் முதல்ல அடிச்சான்" என்று ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் சண்டை அவன் அறைந்ததில் தொடங்கவில்லை. பல நாள்களாக ஒவ்வொரு இடைவேளையிலும் அந்தப் பெயர் அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. "முதலில் அடித்தது யார்" என்ற கேள்வியோடு விசாரணையை முடித்துக்கொள்ளும் பழக்கத்தை ஆசிரியர்களும் பெற்றோரும் விட்டொழிக்க வேண்டும் என்பது என் கருத்து.

தனக்கு அநியாயம் நடக்கிறது என்பதை அவனுக்கு உணர்த்தியது கோபம்தான். அந்த அளவில் அது சரியாகவே வேலை செய்திருக்கிறது. கை நீட்டியதுதான் தவறு. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாமல் "கோபப்படாதே" என்று மட்டும் அறிவுரை கூறினால், தான் பட்ட அவமானத்துக்கே மதிப்பில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளிடம் உடனடி நிதானத்தை எதிர்பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆபத்தையும் அவமதிப்பையும் கண்டவுடன் உடலை உசுப்பிவிடும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி இந்த வயதில் துடிப்பாக இயங்குகிறது. பின்விளைவை எண்ணிப்பார்த்துக் கையைத் தடுக்க வேண்டிய, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இதோடு பசியும் தூக்கமின்மையும் சேர்ந்துகொள்கின்றன. தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கென்றே வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்கு மேல் வெறும் தேநீரோடு வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுக்காரருக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் சொல்ல, நள்ளிரவு வரை கைப்பேசியில் விளையாடிவிட்டு வருபவனிடம் முதல் பாடவேளையிலேயே சிடுசிடுப்பு தெரியும். அதனால் சண்டைக்காரனிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "காலையில் சாப்பிட்டாயா?" என்பது.

சண்டை நடந்த சூட்டில் நியாயம் பேசுவதில் பயனில்லை. இருவரையும் வெவ்வேறு இடங்களில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு சீராகும் வரை எதுவும் கேட்காமல் இருப்பதே நல்லது. முட்டி போடவைப்பதும் பிரம்பை எடுப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை என்பது ஒருபுறமிருக்க, அடித்தவனை அடித்துத் திருத்த முயல்வது, வலுத்தவன் அடிக்கலாம் என்ற பாடத்தையே மறுபடியும் நடத்துவதாகும். பிறகு ஆளுக்கொரு தாளில் நடந்ததை எழுதச் சொல்வேன். அதன் பின்புறத்தில், அதே நிகழ்ச்சியை மற்றவன் சொல்வதுபோல் எழுத வேண்டும். குழாயடிச் சண்டையில் அறை வாங்கியவன் பின்புறத்தில் இரண்டே வரிகள் எழுதினான்: "எங்க அப்பா செத்துட்டார். அந்தப் பேரைச் சொன்னா எனக்கு அழுகை வரும்." அதுவரை அவனுக்கு அது வெறும் கேலி.

அடித்தவனிடம் வேறொன்று கேட்க வேண்டியிருந்தது: கோபம் வரப்போகிறது என்பது உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது? "காது சூடாகும் சார்" என்றான். பல்லைக் கடிப்பது, உள்ளங்கை வியர்ப்பது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. அதைக் கண்டுகொண்டவனுக்கு ஓங்குவதற்கு முன் சில நொடிகள் கிடைக்கின்றன. காது சூடானால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து நேரே ஆசிரியரிடம் வருவது என்றும், அப்படி வந்தால் "போட்டுக்கொடுக்கிறாயா?" என்று எவரும் கேட்கக் கூடாது என்றும் வகுப்பில் பேசி முடிவுசெய்தோம். இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் முதலாவது நடக்காது.

"சாரி சொல்லு, கை குடு" என்று கட்டாயப்படுத்தும் சமரசத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கை குலுக்கிய இருவரும் பள்ளி விட்டதும் பேருந்து நிறுத்தத்தில் பாக்கியைத் தீர்த்துக்கொள்வார்கள். இனி என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர்களே சொல்லி, ஒரு வாரம் கழித்து அது நடந்ததா என்று கேட்பதுதான் ஓரளவு நிற்கிறது. பெண் பிள்ளைகளிடம் கோபம் பெரும்பாலும் காய் விடுவதாக வெளிப்படுகிறது. சத்தம் இல்லாததால் ஆசிரியர் கண்ணில் படாமலே ஒருத்தி வாரக்கணக்கில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

இதெல்லாம் ஏறக்குறைய சமபலம் உள்ள இருவருக்கு இடையிலான பூசலுக்குத்தான் பொருந்தும். ஒருவனைப் பலர் சேர்ந்து தொடர்ந்து வதைப்பதும், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும் சமரசம் பேசும் விஷயங்களே அல்ல; 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்ததன் பின்னணி இதுதான். அங்கே பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பார்த்து "நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு" என்று சொல்வது அநியாயத்துக்குத் துணைபோவதாகும்.

பெற்றோர் கூட்டத்தில், "திருப்பி அடிச்சிட்டு வரலைன்னா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் தந்தையரைச் சந்திக்கிறேன். மகன் ஏமாளியாகிவிடுவானோ என்ற அவர்களுடைய அச்சம் பொய்யல்ல என்பதால் அதை மறுத்துப் பேசுவதில்லை. "அடிக்காதே, நான் சாரிடம் சொல்வேன்" என்று நிமிர்ந்து நின்று உரக்கச் சொல்ல வீட்டிலேயே இரண்டு முறை பழக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலேயே அடி வாங்கும் பிள்ளை என்று தெரிந்தால் பேச்சு வேறு. அப்போது தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்கக் கூடாது.