சாயத் தண்ணீரில் நிறம் போனால் மட்டும் போதாது

சங்கரன்கோவில் பக்கம் தறி நூலுக்குச் சாயம் ஏற்றும் கொட்டகைகளுக்கு இது பயன்படும். சாயக் கழிவுத் தண்ணீரை அன்னபேதியும் (பச்சை நிற இரும்பு சல்பேட்) சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கலாம். அளவு எவ்வளவு என்றால், ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. சிவப்புக்குச் சரியாக வந்த அளவு நீலத்துக்குப் பத்தாமல் போகும். ஒவ்வொரு தொட்டிக்கும் சாடிச் சோதனை, அதாவது சிறு சாடிகளில் வெவ்வேறு அளவு ஊற்றிப் பார்ப்பது, செய்துதான் ஆகவேண்டும்.

100 கிராம் அன்னபேதியைக் கரைத்து 1 லிட்டர் ஆக்குங்கள். ஆறு சாடிகளில் தலா 1 லிட்டர் கழிவை எடுத்து, 2, 4, 6, 8, 10, 12 மில்லி ஊற்றுங்கள். ஒரு மில்லி என்பது லிட்டருக்கு 100 மில்லிகிராம். சுண்ணாம்புப் பால் (தண்ணீரில் கலக்கிய சுண்ணாம்பு) சேர்த்து பிஹெச், அதாவது அமில-கார அளவு, 9 முதல் 9.5 வரை கொண்டுவாருங்கள். மீட்டர் வைத்தே பாருங்கள். பிஹெச் தாளில் சாயமே ஏறிவிடும். ஒரு நிமிடம் வேகமாகவும், 15 நிமிடம் மெதுவாகவும் கிண்டி, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மெதுவாகக் கிண்டும்போது பொறுமை வேண்டும், வேகம் கூடினால் திரண்ட கசடு உடைந்து மறுபடி மிதக்கும். நன்றாகத் தெளிந்தவற்றில் குறைந்த அளவைத் தேர்ந்தெடுங்கள். அது 8 மில்லி என்றால், 1,000 லிட்டருக்கு 800 கிராம்.

தெளிந்த தண்ணீர் மறுநாள் மஞ்சளித்தால் சுண்ணாம்பு குறைவு. கரைந்து நின்ற இரும்பு காற்றுப்பட்டு வெளியே வருகிறது. பச்சையாக இருந்த அன்னபேதி பழுப்பேறியிருந்தால் வீரியம் போய்விட்டது, வாங்காதீர்கள். மூட்டையைக் கட்டி ஈரம்படாமல் வைக்க வேண்டும்.

இனி உப்பு. இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ரியாக்டிவ் சாயத்துக்கு (பருத்தி நூலோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) லிட்டருக்கு 50 கிராம் உப்புப் போட்டால் அது 50,000 மில்லிகிராம். ஆற்றிலோ குளத்திலோ விட அனுமதிக்கப்படும் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான். அன்னபேதி நிறத்தை எடுக்கும், உப்பைத் தொடாது. சுண்ணாம்பும் சல்பேட்டும் சேர்வதால் எண்ணிக்கை இன்னும் ஏறக்கூடும். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரைக் கிணற்றோரம் விட்டால் அந்தக் கிணறு உவர்ந்துபோகும். அதனால் சாயத்தொட்டித் தண்ணீரையும் அலசல் தண்ணீரையும் முதலிலிருந்தே தனித்தனி வாய்க்காலில் பிரியுங்கள். உப்பு பெரும்பாலும் சாயத்தொட்டித் தண்ணீரில்தான் இருக்கும். அளவு குறைந்த அதைத் தார்பாய் விரித்த ஆழமில்லாத தொட்டியில் வெயிலில் வற்ற வைக்கலாம். அலசல் தண்ணீரை ஆர்.ஓ.வுக்கு (சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் கருவி) அனுப்பித் திரும்பப் பயன்படுத்தலாம்.

அடியில் தங்கும் கசடு எருவில் கலக்கக் கூடாதது. மணல் படுகையில் காயவைத்து, ஐப்பசி மழைக்கு முன்பே மூட்டை கட்டிக் கூரைக்குள் ஏற்றி, அனுமதி பெற்ற கழிவு நிலையத்துக்கு அனுப்புங்கள்.