கழற்றியது யார்?

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கிறேன். பத்தொன்பது வருடமாகிறது. இருப்பது கேரளம் என்றாலும் எங்கள் வீட்டிலும் களத்திலும் கடையிலும் பேச்சு தமிழ்தான். பஞ்சாயத்துக்கு மலையாளத்தில் எழுதுவோம். வேலந்தாவளம் தாண்டி வரும் நெல் வியாபாரிகளுக்குத் தமிழில் எழுதுவோம். வங்கி, இன்சூரன்ஸ் என்று வந்துவிட்டால் இங்கிலீஷ்.

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். இங்கிலீஷ் கடிதம் எழுதப் பழகியது ஆலையின் பழைய ஃபைல்களைப் பார்த்துத்தான். ‘இட் இஸ் சப்மிட்டட் தட்’, ‘நெசசரி ஆக்‌ஷன் மே பி டேக்கன்’ என்று ஒவ்வொரு தாளிலும் இருக்கும். யார் சமர்ப்பிக்கிறார், யார் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எதிலும் இருக்காது. நான், நாங்கள், அவர் என்று எழுதினால் மரியாதைக் குறைவு, செயப்பாட்டு வினையில் எழுதினால்தான் அலுவலகக் கடிதம் என்று என் மனதில் பதிந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு விபத்து. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் புல்லியில் ஓர் அண்ணனின் வலது கை சிக்கி, இரண்டு விரல்கள் போய்விட்டன. காலை ஏழு மணி இருக்கும். புல்லியை மூடியிருக்க வேண்டிய இரும்பு வலைக் கூடு, நாங்கள் கார்டு என்போம், சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மதியம் இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கை நடுங்கியது. பழகிய நடையில் எழுதி முடித்தேன். அதில் ஒரு வாக்கியம்: ‘தி கார்டு வாஸ் ரிமூவ்ட் அண்ட் தி ஹேண்ட் வாஸ் காட் இன் தி புல்லி.’

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. முதலாளி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று வாரம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது: தொழிலாளி தெரிந்தே பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றினாரா என்று விளக்கவும்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் சில விலக்குகள் இருந்தன. பாதுகாப்புக்காக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் ஒரு தொழிலாளி கார்டை வேண்டுமென்றே கழற்றி, நேராக அதனால் காயம் பட்டால், உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ இல்லாதபோது இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு முதலாளிக்கு இல்லை என்பது அதில் ஒன்று. ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு அந்தச் சட்டத்தின் அட்டவணையில் 20 சதவீத ஊனம் என்று போட்டிருந்தது. அதாவது பகுதி ஊனம். அந்த விலக்கு அப்படியே வந்து பொருந்தும் இடம். கழற்றியது யார் என்பதில்தான் அந்த வீட்டுக்கு வர வேண்டிய பணம் முழுதும் நின்றது. அந்த ஒன்றைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

அண்ணனின் மனைவி ஆலைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, “அம்மிணி, அவரு அதைத் தொடவே இல்லீங்க. நைட்டு பெல்ட்டு மாத்தினவங்க கழட்டி வெச்சுட்டுப் போனதுங்க” என்றார். எனக்கும் அது தெரியும். விபத்தன்று காலையிலேயே மெக்கானிக் என்னிடம் சொன்னதுதான். தெரிந்துகொண்டே எழுதாமல் விட்டேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. மறைக்க நினைக்கவில்லை. ‘வாஸ் ரிமூவ்ட்’ என்ற இரண்டு வார்த்தைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அன்று இரவு அந்த வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் சொல்லிப் பார்த்தேன். கழன்றது, கழற்றினார், கழற்றப்பட்டது, கழற்றியிருந்தது. நான்கும் வேறு வேறு. தானாகக் கழன்றால் கழன்றது. ஒருவர் செய்தால் கழற்றினார். செய்தவரைச் சொல்லாமல் விட்டால் கழற்றப்பட்டது. நான் பார்க்கும்போது ஏற்கெனவே அப்படிக் கிடந்தால் கழற்றியிருந்தது. இங்கிலீஷில் ‘வாஸ் ரிமூவ்ட்’ என்பதை அந்த நேரத்தில் நடந்த செயலாகவும் படிக்கலாம், ஏற்கெனவே இருந்த நிலையாகவும் படிக்கலாம். ‘தி கேட் வாஸ் க்ளோஸ்ட் அட் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்கு மூடினார்களா, ஆறு மணிக்கு மூடிக் கிடந்ததா? இரண்டுக்கும் அதே வாக்கியம்தான். நான் நிலையை நினைத்து எழுதினேன். அவர்கள் செயலாகப் படித்தார்கள். செயல் என்றால் செய்தவர் வேண்டும். அந்த வாக்கியத்தில் வேறு யாருமே இல்லாததால், கை போன மனிதரே கழற்றியவரும் ஆகிவிட்டார்.

செய்தவர் பெயரை விட்டுவிட்டால் யார் மேலும் பழி விழாது என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அப்படி இல்லை. பழி பக்கத்தில் நிற்பவர் மேல் போய் உட்காரும். பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் சம்பளம் குறைந்தவர்.

மறுநாள் திருத்திய அறிக்கையை எழுதினேன். பெல்ட் மாற்றுவதற்காக இரவு 2.40 மணிக்குப் பராமரிப்பு ஆட்கள் கார்டைக் கழற்றினார்கள் என்று முதல் வாக்கியம், செய்தவரோடு. காலை ஷிப்ட் தொடங்கியபோது அது திரும்ப மாட்டப்பட்டிருக்கவில்லை என்று இரண்டாவது. அதற்கு ‘ஹேட் நாட் பீன் புட் பேக்’ என்று எழுதினேன். இதுவும் செயப்பாட்டு வினைதான், ஆனால் ‘ஹேட் பீன்’ வந்ததும் இது முன்பே இருந்த நிலை என்பது தெளிவாகிவிடுகிறது. முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். தப்பு நம் பக்கம் என்று வருகிறதே என்றார். ஆமாங்க, அதுதானே நடந்தது என்றேன். கையெழுத்துப் போட்டார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. பணம் வந்தது. வர ஐந்து மாதம் ஆனது, அதில் இரண்டு மாதம் என் வாக்கியத்தால்.

அதற்காகச் செயப்பாட்டு வினையே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நெல் ஊறவைக்கப்பட்டு, அவிக்கப்பட்டு, 14 சதவீத ஈரப்பதம் வரும்வரை உலர்த்தப்பட்டது என்று எழுதும்போது ஊறவைத்தவர் பெயர் யாருக்கு வேண்டும்? அங்கே பேச்சு நெல்லைப் பற்றியது. லோடு செக்போஸ்டில் நிறுத்தப்பட்டது என்றால் நிறுத்தியது யார் என்று கேட்க ஆளில்லை. இந்த வழக்கு தமிழுக்கும் புதிதல்ல. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியத்தில் இருக்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரைகாரர்கள் தரும் உதாரணம். மெழுகிய கை சொல்லப்படவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அங்கே இல்லை.

சட்டமும் இப்படித்தான் எழுதியது. அப்போதிருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, இயந்திரத்தின் ஓடும் பாகங்கள் ‘ஷல் பி செக்யூர்லி ஃபென்ஸ்ட்’ என்றது. யார் வேலி போட வேண்டும் என்று அந்த வரியில் இல்லை. ஆனால் 92ஆம் பிரிவில், சட்டம் மீறப்பட்டால் தொழிற்சாலையின் ஆக்குபையரும், அதாவது ஆலை யாருடைய இறுதிக் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவரும், மேனேஜரும் தனித்தனியே குற்றவாளி என்று வெளிப்படையாக இருந்தது. ஓரிடத்தில் விட்ட ஆளை இன்னோரிடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். என் அறிக்கையில் 21 மட்டும் இருந்தது, 92 இல்லை.

இன்னொரு தொல்லையும் நமக்கு உண்டு. தமிழ் வாக்கியம் காதுக்குள் ஓடுவதால் வருவது. ‘தெரிவிக்கப்பட்டது’ என்பது தமிழில் சரி. அதையே ‘இட் வாஸ் இன்ஃபார்ம்டு தட்’ என்று எழுதினால் இங்கிலீஷில் நிற்காது. இன்ஃபார்ம் என்றால் ஓர் ஆளுக்குச் சொல்வது, அதனால் ‘வீ வேர் இன்ஃபார்ம்டு பை தி டிரைவர்’ என்று ஆளைக் கொண்டுவர வேண்டும். அதேபோல ‘தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’. ஹேப்பன், அக்கர் இரண்டுக்கும் செயப்பாட்டு வினையே கிடையாது. விபத்து நடந்தது, அவ்வளவுதான். பட்டது, பட்டது என்று ஒட்டிப் பழகிய கைக்கு ‘வாஸ்’ தானாக வந்துவிடும். வேலைக்கு வரும் புதுப் பெண்களிடம் இதை முதல் வாரமே சொல்லிவிடுவேன்.

‘நெசசரி ஆக்‌ஷன் மே பி டேக்கன்’ என்று இப்போது எழுதுவதே இல்லை. உங்கள் சர்வேயரை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று எழுதுகிறேன், முன்னால் ஒரு ப்ளீஸ். யாரும் மரியாதைக் குறைவு என்று சொன்னதில்லை. பதில்தான் சீக்கிரம் வருகிறது.

விபத்துக்குப் பிறகு எலிவேட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கவிட்டோம். தேதி, எந்த கார்டு, கழற்றியவர், நேரம், மாட்டியவர், நேரம். தலைப்புகளை நானே தமிழில் எழுதி, கோடு போட்டுக் கொடுத்தேன். இப்போது ஓடுவது ஏழாவது நோட்டு. அந்த அண்ணன் இன்னும் இங்கேதான், சாக்குத் தையல் பக்கம். ஷிப்ட் முடிந்து போகும்போது அந்த நோட்டைத் திறந்து, ‘மாட்டியவர்’ கட்டத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று இடது கையால் வரியைத் தடவிப் பார்ப்பார். காலியாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.