பாட்டியின் ஜாமும் என் ஸ்டீம் கெட்டிலும்

போன வாரம் என் நாத்தனார் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். கையில் ஒரு ஃபைல். அதில் மூன்று கொட்டேஷன்: ரிப்பன் பிளெண்டர், ட்ரே டிரையர், பவுச் பேக்கிங் மெஷின். எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம் ரூபாய். ஆப்பிள், பீட்ரூட், கேரட் போட்டு ஏபிசி மால்ட், அதாவது பாலில் கலந்து குடிக்கிற சத்துப் பொடி, தயாரிக்கப் போகிறானாம்.

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் அத்தை. பதினாலு வயசுல ஜாம் காய்ச்ச ஆரம்பிச்சு மில்லியனர் ஆன பையனோட வீடியோ பார்த்தீங்களா?" என்று போனை நீட்டினான்.

பார்த்திருக்கிறேன். அந்தப் பையனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் ஒரு காலத்தில் தேடித் தேடிப் படித்தவள் நான். திண்டுக்கல்லில் மாங்காய்த் தொக்கும் புளிக்காய்ச்சலும் போட்டு விற்கிறேன். இது ஏழாவது வருடம். என்னைப் போலவே அடுப்படியில் தொடங்கிய ஒருவர் எப்படிப் பெரிய கடைகளுக்குள் போனார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருந்தது. அதைவிடத் தேவையும் இருந்தது.

"இதுவரைக்கும் எத்தனை பேர் உன் மால்ட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்காங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் செஞ்சு பார்க்கல அத்தை. மெஷின் வந்ததும் ஆரம்பிக்கணும்."

சரி, உட்கார் என்று சொல்லிவிட்டுக் காபி போட்டேன். அன்று அவனிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அவனைப் போல ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலையும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்தப் பையன் பெயர் ஃப்ரேஸர் டோஹெர்ட்டி. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வளர்ந்தவர். அவருடைய பாட்டி வீட்டில் ஜாம் காய்ச்சுவார். 14 வயதில் பேரன் அந்தப் பக்குவத்தைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, பெற்றோர் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி, அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டி விற்றார். அப்புறம் விவசாயிகள் நேரடியாக விற்கும் சந்தைகளில் மேசை போட்டார். 2007 மார்ச்சில் அவருடைய 'சூப்பர்ஜாம்' வெயிட்ரோஸ் என்ற பிரிட்டிஷ் சூப்பர் மார்க்கெட்டின் 184 கிளைகளில் அலமாரி ஏறியது. அப்போது அவருக்கு 18 வயது. பத்திரிகைகள் இளம் மில்லியனர் என்று எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகு.

வீடியோக்களில் 14 என்ற எண் பெரிதாக வரும், 184 என்ற எண் பெரிதாக வரும். இடையில் இருந்த நான்கு வருடம் பாதி நிமிடத்தில் ஓடிவிடும். எனக்குப் பிடித்ததெல்லாம் அந்த நான்கு வருடம்தான்.

முதலில் அவர் எதைக் கவனித்தார் என்று பாருங்கள். ஜாமை அவர் கண்டுபிடிக்கவில்லை. அங்கே ஜாம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டிருந்தார்கள். அது பழைய காலத்துப் பண்டம், உள்ளே முழுக்கச் சர்க்கரை என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆகவே சர்க்கரை போடாமல், பழமும் திராட்சைச் சாறும் மட்டும் வைத்து ஜாம் செய்ய முடியுமா என்று பார்த்தார்.

கேட்க எளிதாக இருக்கும். காய்ச்சிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். சாதாரண ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரை. அது இனிப்புக்காக மட்டும் இல்லை. பழத்திலுள்ள தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் பூஞ்சைக்கும் கிருமிக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை. ஜாம் இறுகி நிற்பதற்கும் சர்க்கரை வேண்டும், பழத்திலேயே இருக்கிற, ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் வேண்டும், புளிப்பு வேண்டும். ஒன்றைக் குறைத்தால் மற்ற எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

இதே பாடம் எனக்கு உப்பில் கிடைத்தது. பிரஷர் இருக்கிறவர்கள், "தொக்கு நல்லா இருக்கும்மா, உப்பைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு சித்திரை மாதம் உப்பைக் கால்வாசி குறைத்து நாற்பது பாட்டில் போட்டேன். மூன்றாவது வாரம் பாட்டில் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை. நாற்பதையும் திரும்ப வாங்கிக் கொட்டினேன். அதற்குப் பிறகுதான் தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற உணவுப் பதப்படுத்தும் கல்வி நிறுவனத்தில் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குப் போனேன். புளிப்பை அளந்து பார்க்க வேண்டும், புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 4.6க்கு மேலே போகவே கூடாது (எண் ஏறினால் புளிப்பு குறைகிறது என்று அர்த்தம்), ஈரம் வற்ற வதக்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் பாட்டிலில் அடைக்க வேண்டும், மேலே ஒரு விரல்கடை நல்லெண்ணெய் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் புரிந்தது. கிளிமூக்கு மாங்காயில் புளிப்பு போதாது, நாட்டு மாங்காய் கலக்க வேண்டும் என்பதும் அப்போது பிடிபட்டது. என் அப்பத்தா இதையெல்லாம் நாக்கிலேயே அளந்தவர். எனக்குக் கருவி வேண்டியிருந்தது.

நாற்பது பாட்டிலோடு அந்தத் தப்பு முடிந்தது. நாலாயிரம் பாட்டிலில் நடந்திருந்தால் இன்று இதை எழுத நான் தொழிலில் இருந்திருக்க மாட்டேன். கதவைத் தட்டி விற்கும் காலத்தை அவமானமாக நினைக்கிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். தப்புக்கு மிகக் குறைந்த விலை கொடுக்கிற காலம் அது.

இனி ஃப்ரேஸர் வெயிட்ரோஸ் படி ஏறிய கதை. சிறு தயாரிப்பாளர்கள் கொள்முதல் அதிகாரியைச் சந்திக்க அந்தக் கடைக்காரர்கள் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். ஃப்ரேஸரும் போனார். அதிகாரிக்கு யோசனை பிடித்தது. ஆனால் இதை ஒரு தொழிற்சாலையில் தயாரிக்க வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும், லேபிள் சரியாக வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் உழைத்துத் திரும்பிப் போனார். இந்தத் தடவை லேபிளில் காமிக்ஸ் புத்தகம் போல சூப்பர் ஹீரோ படம். அதுவும் வேண்டாம் என்றார்கள். படம் சரியில்லை, விலையும் சரியில்லை. இரண்டாவது 'வேண்டாம்' எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை மறுத்தால் அவர்களுக்கு நம்மைத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை அப்படிச் சொல்ல முடியாது. அவரோ மறுபடி எல்லாவற்றையும் மாற்றினார். பாட்டிலில் இருப்பது பழம் மட்டுமே என்று பளிச்சென்று சொல்லும் எளிய லேபிள் வந்தது. விலை இறங்கியது. அதன் பிறகுதான் அந்த 184 கிளைகள்.

மறுத்தவர் என்னென்ன காரணம் சொன்னாரோ அவற்றையே வேலைப் பட்டியலாக எடுத்துக்கொண்டார் பாருங்கள், இந்தக் கதையில் நான் அதிகம் மதிப்பது அதைத்தான்.

விலை என்று ஏன் இப்படி அடித்துச் சொல்கிறார்கள் என்பதற்கு என் கணக்கையே காட்டுகிறேன். அந்தச் சமயத்தில் 200 கிராம் தொக்கு பாட்டில் எனக்கு 78 ரூபாய் அடக்கம். மாங்காய், எண்ணெய், மிளகாய், பாட்டில், மூடி, லேபிள், கேஸ், ஆள் கூலி எல்லாம் சேர்த்து. எம்.ஆர்.பி. 130. வீட்டில் வந்து வாங்கினால் 52 ரூபாய் நிற்கும். நன்றாகத்தானே இருக்கிறது? பல கிளைகள் வைத்திருந்த ஒரு கடை சங்கிலி 35 சதவீதம் மார்ஜின் கேட்டது. அதாவது 45 ரூபாய் 50 பைசா அவர்களுக்கு. என் கைக்கு வருவது 84.50. அடக்கம் போக மிச்சம் ஆறரை ரூபாய். வண்டி வாடகையும் உடைகிற பாட்டிலும் அதிலிருந்துதான் போக வேண்டும். வீட்டுவாசலில் லாபம் தருகிற பண்டம் கடையில் நஷ்டம் தரும் என்பதை நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எழுதிப் பார்க்கவில்லை.

எழுதிப் பார்க்காமல் நான் செய்தது இது. அந்தக் கடை சங்கிலியின் ஆள் வாய்வார்த்தையாக, "மாசம் இரண்டாயிரம் பாட்டில் எடுத்துக்கறோம் மேடம்" என்றார். நான் வங்கிக்கு ஓடினேன். கடன் வாங்கி ஸ்டீம் கெட்டில் (நீராவியில் சூடாகும் பெரிய கொப்பரை) ஒன்று, பாட்டில் நிரப்பும் மெஷின் ஒன்று. எழுத்தில் ஆர்டர் வந்தபோது மாதம் முந்நூறு பாட்டில். பணம் அறுபது நாள் கழித்து. விற்காதது எல்லாம் ரிட்டர்ன். கெட்டிலில் காய்ச்சிய தொக்கில் எண்ணெய் பிரிந்து மேலே வரவே இல்லை, உருளியில் வருகிற அந்த வாசமும் வரவில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர், "ஆள் மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். பதினெட்டு மாதம் மெஷின் சும்மா நின்றது, தவணை நிற்கவில்லை. என் வீட்டுக்காரரின் பி.எஃப். பணம் அதில்தான் போனது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

ஃப்ரேஸர் அந்த வயதிலேயே இதைச் செய்யவில்லை. அவர் தொழிற்சாலை கட்டவில்லை. ஏற்கெனவே பாத்திரமும் பாய்லரும் ஆட்களும் வைத்திருந்த ஒரு தொழிற்சாலையை, தன் பக்குவத்தில் காய்ச்சித் தரச் சம்மதிக்க வைத்தார். சுமார் 5,000 பவுண்டு கடன் வாங்கியதாகச் சொல்கிறார். உணவுத் தொழிலுக்கு அது மிகச் சின்னத் தொகை. பக்குவம், பெயர், வாங்குகிறவர் ஆகிய மூன்றையும் தன் கையில் வைத்துக்கொண்டு, இரும்பையும் எஃகையும் அடுத்தவர் கையில் விட்டார்.

நம் ஊரில் இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். திண்டுக்கல், மதுரை வட்டாரத்திலேயே மெஷினுக்கு முழு வேலை இல்லாமல் நிற்கிற ஊறுகாய், மசாலா, மாவு யூனிட்டுகள் உண்டு. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கெட்டிலைப் பாதி விலைக்கு விற்றுவிட்டேன். மாதத்தில் நான்கு நாள் ஒரு ஊறுகாய் யூனிட்டில் நேரம் எடுத்துக்கொள்கிறேன். வதக்குவது அவர்கள் ஆட்கள், பக்கத்தில் நிற்பது நான். என் மிளகாய், என் எண்ணெய், என் புளி. நத்தத்திலிருந்து புளியை நானே பார்த்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இப்படிச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லேபிளில் தயாரிப்பவரின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் வேண்டும், பிராண்ட் வைத்திருக்கும் நம் எண்ணும் வேண்டும். இரண்டும் 14 இலக்கம். ஒன்றை மட்டும் போட்டு ஆயிரம் லேபிள் அச்சடித்துவிட்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும்.

ஃப்ரேஸரிடம் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயமும் உண்டு. இதை வியாபாரப் பாடமாக யாரும் சொல்வதில்லை. அவருடைய பாட்டி தனியாக வாழும் முதியவர்களைப் பார்க்க ஜாமும் பலகாரமும் எடுத்துக்கொண்டு போவாராம். பேரன் தொழில் வளர்ந்ததும் பிரிட்டனில் முதியவர்களுக்காக நூற்றுக்கணக்கான தேநீர் விருந்துகள் நடத்தினார். பாட்டு, நடனம், ஜாம். இதைப் படித்த அன்று எங்கள் அப்பத்தா ஞாபகம் வந்தது. ஜாடி திறந்த அன்றைக்கே தெருவில் மூன்று வீட்டுக்குத் தொக்கு போய்விடும். கொடுத்த பிறகுதான் எங்களுக்கு. அந்தக் கிண்ணங்கள் வெறுங்கையாகத் திரும்பி வந்ததே இல்லை. என் முதல் வாடிக்கையாளர்கள் எல்லாம் அந்த மூன்று வீட்டின் பிள்ளைகள்.

இத்தனையும் சொல்லி முடித்தபோது மணி பத்தரை ஆகிவிட்டது. மருமகன் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "வேலையை விட வேண்டாம்னு சொல்றீங்களா அத்தை?" என்றான்.

"நூறு பேர் இரண்டாவது தடவை வாங்கட்டும்டா. அப்புறம் பேசுவோம்" என்றேன்.

அவன் முகம் வாடத்தான் செய்தது. எட்டரை லட்சத்துக்குக் கனவு கண்டவனுக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலையில் என்னோடு காய்கறி மார்க்கெட்டுக்கு வந்தான். நான்கு கிலோ பீட்ரூட், நான்கு கிலோ கேரட் வாங்கினோம். துருவி, சாறு பிழிந்து, நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சியதில் முதல் ஈடு அடி பிடித்துக் கசந்துவிட்டது. இரண்டாவது ஈட்டில் ஈரம் போகாமல் பொடி கட்டி தட்டியது. மூன்றாவதை நிழலில் உலர்த்திப் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்குப் பாலில் கலந்து கொடுத்தோம். அவர் குடித்துவிட்டு, இனிப்பு அதிகம், சுகர் இருக்கிறவங்க குடிக்க முடியாது, எங்க வீட்டுல மூணு பேருக்கு சுகர் என்றார். அவன் போனை எடுத்து அதை எழுதிக்கொண்டான்.

நேற்று அழைத்திருந்தான். அவன் அலுவலகத்து ஆட்களுக்காக நூறு கிராம் பொட்டலம் முப்பது போடப்போகிறானாம், இனிப்பைக் குறைத்து. சும்மா கொடுக்கவில்லை, எழுபது ரூபாய்க்கு விற்கிறான். எடை போட என்னுடைய சின்னத் தராசைக் கேட்டான். இன்று காலை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.